பெயர் கேள்விக்குறியாக மாறினால்: தமிழைக் கையாளும் கணினி நிரல்களில் வரும் சிக்கல்களும் தீர்வுகளும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆலய நிர்வாகங்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், மரண சகாய நிதிச் சங்கங்கள், அச்சகங்கள், மளிகைக் கடைகள் எனப் பல இடங்களில் அன்றாட வேலை ஒரு சிறிய கணினி நிரலை நம்பி நடக்கிறது. உறுப்பினர் பட்டியல், உபயக்காரர் பெயர்கள், அர்ச்சனைச் சீட்டு, சந்தா ரசீது எல்லாம் அதற்குள் இருக்கும். எழுதிக் கொடுத்தவர் கல்லூரியில் கணினி படித்த உறவுக்காரப் பிள்ளையாகவோ, சங்கத்தின் இளைஞர் பிரிவில் இருந்தவராகவோ இருப்பார்.

ஆங்கிலத்தில் நன்றாக ஓடும் நிரல், தமிழைச் சேர்த்ததும் தடுமாறுகிறது. பெயர் கேள்விக்குறியாகிறது, கொம்பு இடம் மாறுகிறது, திரையில் இருக்கும் பெயர் தேடினால் கிடைப்பதில்லை. இவற்றில் சில வெறும் தோற்றக் குறைகள். தரவு பத்திரமாக இருக்கும். வேறு சில, தரவையே அழித்துவிட்டதன் அடையாளம். இரண்டையும் பிரித்தறியாமல் 'சேமி' பொத்தானை அழுத்துவதால்தான் பல ஆண்டுப் பட்டியல்கள் தொலைகின்றன.

ஆகவே எந்தச் சிக்கலானாலும் முதல் வேலை ஒன்றுதான். நிரலை மூடிவிட்டு, தரவுக் கோப்பை வேறொரு பெயரில் பிரதி எடுத்து வைக்க வேண்டும். பழுது பார்ப்பதெல்லாம் அந்தப் பிரதியில்தான். மூலக் கோப்பில் கை வைக்கக்கூடாது.

பழைய கோப்புகள் ஏன் இப்படி இருக்கின்றன?

மலேசியாவில் தமிழ்க் கணிமை பல நாடுகளைவிட முன்னதாகவே தொடங்கியது. முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' முறையைக் கொண்டுவந்தார். அந்தக் காலக் கணினியில் ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்கள்தான் இருந்தன. அவற்றில் ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகள் இருந்த இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தார்கள். எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதை ஒவ்வொரு மென்பொருளும் தன் விருப்பப்படி அமைத்துக்கொண்டது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டைத் தொடர்ந்து 'தமிழ்99' விசைப்பலகையும் 'டாம்', 'டாப்' குறியீடுகளும் தரமாயின. உலகெங்கும் இருந்த தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழி விவாதித்து 'திஸ்கி' என்ற குறியீட்டை வகுத்தார்கள். 2000இல் உத்தமம் அமைப்பு தோன்றியது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது.

இதற்கிடையில் யூனிகோட் எனப்படும் ஒருங்குறி, 1991இல் வெளியான முதல் பதிப்பிலேயே தமிழுக்கென்று 128 இடங்கள் கொண்ட தனிப்பகுதியை ஒதுக்கியிருந்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் வந்த பிறகுதான் அது சாதாரணப் பயனர்களின் கைக்கு வந்தது. ஆப்பிள் கணினியில் உள்ள 'இணைமதி' எழுத்துருவை வடிவமைத்தவரும் முத்து நெடுமாறன்தான்.

இன்று புதிதாக எழுதும் எந்த நிரலும் யூனிகோடையே பயன்படுத்த வேண்டும். ஆனால் சங்க அலமாரியில் இருக்கும் பழைய குறுவட்டுகளில் மேலே சொன்ன எந்தக் குறியீடும் இருக்கலாம். இதை நினைவில் வைத்துக்கொண்டு கீழுள்ள அறிகுறிகளைப் பார்ப்பது நல்லது.

1. பெயருக்குப் பதில் கேள்விக்குறிகள்

இதுதான் மிக ஆபத்தானது. யூனிகோட் தமிழை, தமிழ் தெரியாத பழைய குறியீட்டுக்குள் நிரல் திணிக்க முயன்றிருக்கிறது. இடம் இல்லாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியை எழுதிவிட்டது. திரையில் மட்டும் அப்படித் தெரிந்தால் தரவு தப்பியிருக்கலாம். அது தரவுத்தளத்துக்குள் சேமிக்கப்பட்டுவிட்டால் பழைய பெயரை மீட்க வழியில்லை. காப்புப் பிரதியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

வழக்கமான காரணங்கள் மூன்று. முதலாவது, எஸ்க்யூஎல் சர்வரில் பெயர்ப் புலம் 'வார்சார்' வகையாக இருப்பது. அதை 'என்வார்சார்' ஆக்க வேண்டும். அதோடு, கட்டளைக்குள் நேரடியாக எழுதும் தமிழ்ச் சொல்லின் மேற்கோள் குறிக்கு முன்னால் பெரிய 'என்' எழுத்தையும் போட வேண்டும். புலத்தை மட்டும் மாற்றிவிட்டு இந்த எழுத்தை மறப்பவர்கள் அதிகம். பெயர்களைக் கட்டளைக்குள் ஒட்டாமல் அளவுருவாக அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, விஷுவல் பேசிக் 6, 2009க்கு முந்தைய டெல்ஃபி போன்ற பழைய கருவிகள். இவற்றின் உரைப்பெட்டிகள் யூனிகோடைக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. விண்டோஸ் அமைப்பில் 'யூனிகோட் அல்லாத நிரல்களுக்கான மொழி' என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தாலும் பலனில்லை, ஏனெனில் தமிழுக்கு அப்படியொரு பழைய குறியீட்டுப் பக்கமே விண்டோஸில் கிடையாது. நிரலைப் புதிய கருவிக்கு மாற்றுவதே நிலையான தீர்வு.

மூன்றாவது, பழைய நோட்பேடில் கோப்பை 'ஆன்சி' வகையாகச் சேமிப்பது. அப்போது ஓர் எச்சரிக்கை வரும். அதைப் படிக்காமல் சரி என்று அழுத்தினால் தமிழ் முழுதும் போய்விடும்.

2. பெயருக்குப் பதில் காலிக் கட்டங்கள்

இது பெரும்பாலும் தோற்றக் குறைதான். தரவு சரியாக இருக்கிறது, அதைக் காட்டும் எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை. கட்டத்தை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் தமிழ் தெரியும்.

நிரலுக்குள் 'லதா' என்று எழுத்துருப் பெயரைக் கட்டிப்போட்டவர்களுக்கு விண்டோஸ் 10 வந்தபின் தோற்றம் மாறிப்போனது. அதில் லதாவும் விஜயாவும் தனியாக நிறுவ வேண்டிய கூடுதல் எழுத்துருக்கள் ஆகிவிட்டன. விண்டோஸ் 8 முதல் 'நிர்மலா' எழுத்துரு கூடவே வருவதால் அதை முதல் தேர்வாக வைக்கலாம். உரிமம் அனுமதிக்கும் எழுத்துருவை நிரலோடு சேர்த்துக் கொடுப்பது இன்னும் பாதுகாப்பானது.

விண்டோஸின் கறுப்புக் கட்டளைத் திரையில் கட்டம் தெரிந்தால் கவலைப்பட வேண்டாம். அந்தத் திரை தமிழைச் சரியாக வரையாது. யூடிஎஃப்-8 கோப்பில் எழுதிப் பார்த்தபின்தான் நிரல் சரியா தவறா என்று முடிவுக்கு வர வேண்டும்.

3. தலைக்கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள்

மேலே சாய்கோடு போட்ட சிறிய 'ஏ', அதையடுத்து வட்டத்துக்குள் 'ஆர்' என்ற வணிகக்குறி, இவை திரும்பத் திரும்ப வந்தால் காரணம் உறுதி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள். நிரல் அந்த மூன்றையும் மேற்கு ஐரோப்பியக் குறியீட்டின் மூன்று எழுத்துகளாகப் படித்திருக்கிறது.

சேமிக்காமல் இருந்தால் மீட்பது எளிது. கோப்பை மூடி, யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுத் திறந்தால் போதும். உறுப்பினர் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக எடுத்து எக்செலில் இரட்டைச் சொடுக்கால் திறக்கும்போது இது அடிக்கடி நடக்கும். 'தரவு' பட்டியலில் உள்ள 'உரையிலிருந்து' என்ற வழியாகத் திறந்து, 65001 என்ற யூடிஎஃப்-8 எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிரல் எழுதுபவர் கோப்பின் தொடக்கத்தில் 'பாம்' எனப்படும் அடையாளத்தைச் சேர்த்துவிட்டால் எக்செல் தானே புரிந்துகொள்ளும்.

அந்தத் தோற்றத்திலேயே சேமித்துவிட்டால் முழுமையாக மீளும் என்று சொல்ல முடியாது. புள்ளியும் உகரக் குறியும் அந்த ஐரோப்பியப் பட்டியலில் எழுத்தே ஒதுக்காத எண்களில் விழுகின்றன. சில நிரல்கள் அவற்றைத் தூக்கி எறிந்துவிடும். அப்படியானால் மீட்ட பட்டியலில் எல்லா மெய்யெழுத்தும் சிதைந்திருக்கும்.

பைத்தானில் எழுதுபவர்கள் கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு வரியிலும் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். விட்டுவிட்டால் விண்டோஸில் பைத்தான் கணினியின் பழைய குறியீட்டை எடுத்துக்கொள்ளும். 'சார்மேப்' என்ற சொல்லுடன் வரும் பிழைச்செய்திக்குக் காரணம் இதுதான்.

4. பொருளற்ற ஆங்கில எழுத்துகள்

கோப்பு பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது என்பதற்கு இது அடையாளம். தரவு கெடவில்லை, ஆனால் எந்த எழுத்துரு என்று தெரிய வேண்டும். வேர்ட் கோப்பாக இருந்தால், எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் எழுத்துருப் பெட்டியில் தெரியும். அதைக் குறித்துக்கொண்டு, என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் அதற்குரிய குறியீட்டைத் தேர்ந்தெடுத்து யூனிகோடுக்கு மாற்றலாம்.

வெறும் உரைக் கோப்பில் பெயர் இருக்காது. திஸ்கி, டாம், டாப், பாமினி என்று ஒவ்வொன்றாக ஒரு பத்தியை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஆங்கிலமும் தமிழும் கலந்த பட்டியலில் கூடுதல் கவனம் தேவை. மாற்றி ஆங்கில முகவரியையும் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். பெயர்ப் புலத்தை மட்டும் தனியே எடுத்து மாற்றுவது நல்லது.

5. கொம்பு தள்ளி நிற்பது

'கெ' என்ற எழுத்தில் கணினி முதலில் ககரத்தையும் பிறகு கொம்பையும் சேமிக்கிறது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது எழுத்து வடிவாக்கப் பொறி. விண்டோஸ், மேக் இரண்டிலும் அது உள்ளேயே இருக்கிறது, லினக்ஸில் ஹார்ஃப்பஸ் அந்த வேலையைச் செய்கிறது.

நிரல் ஒவ்வொரு குறியையும் தனித்தனியே வரைந்தால் பொறிக்கு வேலை கிடைக்காது. எழுத்திடைவெளி விட்டு அழகுபடுத்தும் நிரல்களில் இது நடக்கும். முழுச் சொல்லையும் ஒரே தடவையில் வரைய வேண்டும்.

நற்சான்றிதழ் அச்சிடும் நிரல்களில் இந்தத் தொல்லை அதிகம். பைத்தானின் பில்லோ நூலகம் 'ராக்ம்' இணைப்பு இல்லாமல் தமிழை உடைத்துத்தான் எழுதும். பிடிஎஃப் உருவாக்கும் நூலகங்கள் பலவற்றிலும் வடிவாக்கம் இல்லை. நூலகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே 'கொ, கோ, கை' மூன்றையும் அச்சிட்டுப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். நூலகம் ஒத்துவராவிட்டால், சான்றிதழை இணையப் பக்கமாக வடிவமைத்து உலாவி வழியாக பிடிஎஃப் எடுப்பது எளிய மாற்று வழி.

6. இருக்கும் பெயர் தேடினால் கிடைக்கவில்லை

'கோகிலா' என்ற பெயரின் முதல் எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துடன் ஓகாரக் குறியை ஒரே குறியாக வைப்பது ஒன்று. இரட்டைக் கொம்பையும் காலையும் இரு குறிகளாக வைப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வெவ்வேறு. உள்ளீடு வந்தவுடனும் தேடும் முன்னும் 'என்எஃப்சி' எனப்படும் இயல்பாக்கத்தைச் செய்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். பல முக்கிய நிரல்மொழிகளில் இதற்கு ஒரே வரிக் கட்டளை உண்டு.

இயல்பாக்கத்தால் தீராதவையும் உள்ளன. 2005இல் யூனிகோட் 4.1 பதிப்பில் 'ஶ' என்ற எழுத்து சேர்ந்தது. அதனால் 'ஸ்ரீ' என்பதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே வடிவம். ஆலயப் பெயரிலும் ஆட்பெயரிலும் ஸ்ரீ நிறைந்த நம் பட்டியல்களில் இது பெரிய தொல்லை. ஒரே ஆள் இரண்டு உறுப்பினராகப் பதிவாகிவிடுவார். ஔகாரக் குறியின் வால் பகுதியை ளகரம் கொண்டு தட்டுவது, துணைக்காலுக்குப் பதில் ரகரம் போடுவது ஆகிய பழைய தட்டச்சுப் பழக்கங்களும் இப்படியே.

தீர்வு: திரையில் காட்டும் பெயரை மாற்றாமல், தேடலுக்கென்று தனிப் புலம் ஒன்று வைக்க வேண்டும். அதில் இயல்பாக்கம் செய்து, ஸ்ரீயை ஒரே வடிவமாக்கி, முன்பின் இடைவெளிகளையும் வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டும்போது வரும் மறைகுறிகளையும் நீக்கிச் சேமிக்கலாம்.

7. பெயர் பாதியில் வெட்டுப்படுவது

'தமிழ்ச்செல்வி' என்ற பெயரில் நாம் எண்ணும் எழுத்துகள் 7. யூனிகோட் குறிகள் 13. யூடிஎஃப்-8இல் 39 பைட்டுகள். 30 பைட்டுப் புலத்தில் போட்டால் 10 குறிகளோடு வெட்டுப்பட்டு 'தமிழ்ச்செல' என்று நிற்கும். தரவுத்தளம் புலத்தின் நீளத்தை பைட்டாக எண்ணுகிறதா, குறியாக எண்ணுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பெயருக்குத் தாராளமாக இடம் விடுவதால் நட்டம் ஒன்றும் இல்லை.

ரசீதில் இடமில்லாமல் சுருக்கும்போதும் குறிக்கணக்கில் வெட்டக்கூடாது. 'தமிழ்' என்பதை 4 குறிகளில் வெட்டினால் புள்ளி போய் 'தமிழ' ஆகிவிடும். டாட்நெட்டில் 'ஸ்ட்ரிங்இன்ஃபோ', பிற மொழிகளில் ஐசியூ நூலகம் ஆகியவை எழுத்து எல்லையைக் கண்டு வெட்ட உதவும்.

8. அகர வரிசை குழம்புவது

யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து இருக்கிறது. றகரம் லகரத்துக்கு முன்னால் வருகிறது. வகரமோ ழகரத்துக்கும் பின்னால். எண் வரிசைப்படி அடுக்கினால் 'க்' என்பது 'கௌ'வுக்கும் பிறகு வரும். வாக்காளர் பட்டியலோ உறுப்பினர் பட்டியலோ அச்சிடும்போது பெயரைத் தேடுபவர் திணறுவார். தமிழ் வரிசை முறையை நிரலில் வெளிப்படையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐசியூ நூலகத்தில் அது தயாராகவே உள்ளது.

9. நம் ஊர்ப் பெயர்களும் எண்களும்

பைத்தானில் 'எல்லாம் எழுத்துதானா' என்று சோதிக்கும் கட்டளையிடம் 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்தால் 'இல்லை' என்று பதில் வரும். உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தாகக் கருதுவதில்லை. பெயரை இப்படிச் சோதிக்கும் வழக்கத்தை விட்டுவிடுவதே நல்லது.

அடையாள அட்டையில் வரும் 'ஏ/எல்', 'ஏ/பி' என்ற சாய்கோடு இன்னொரு பொறி. ரசீதைப் பெயரிலேயே கோப்பாகச் சேமிக்கும் நிரல் அந்த இடத்தில் நின்றுவிடும். விண்டோஸ் கோப்புப் பெயரில் சாய்கோடு கூடாது. கோப்புக்கு உறுப்பினர் எண்ணைப் பெயராக வைக்கலாம். 'குடும்பப் பெயர்' என்ற கட்டாயப் புலமும் நமக்குப் பொருந்தாது. அதை வைத்தால் சிலர் தந்தை பெயரை நிரப்புவர், சிலர் புள்ளி வைத்துத் தப்பிப்பர்.

12 இலக்க அடையாள அட்டை எண்ணை எண் வகைப் புலத்தில் வைக்கவே கூடாது. 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் பூஜ்யத்தில் தொடங்குகிறது, அது காணாமல் போகும். சுங்கைப்பட்டாணியின் 08000 போன்ற அஞ்சல் குறியீடுகளுக்கும் இதே கதி. எக்செலில் 12 இலக்கத்தைக் கோடின்றித் தட்டினால் அது அறிவியல் முறையில் சுருங்கிக் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வியாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் தொலைந்துவிடும். புலத்தை முதலிலேயே 'உரை' வகையாக்கிவிட வேண்டும்.

ஒப்படைக்கும் முன் சோதிக்க

நிரலைச் சங்கத்திடம் கொடுக்கும் முன் ஔவை, கௌரி, கோகிலா, லக்ஷ்மி, ஸ்ரீதேவி, தமிழ்ச்செல்வி ஆகிய ஆறு பெயர்களையும் உள்ளிட வேண்டும். ஒன்றில் 'ஏ/பி' சேர்க்க வேண்டும், ஒன்றுக்குப் பூஜ்யத்தில் தொடங்கும் அடையாள எண் கொடுக்க வேண்டும். பிறகு சேமித்து, மூடி, திறந்து, தேடி, வரிசைப்படுத்தி, அச்சிட்டு, சிஎஸ்வியாக எடுத்து வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். ஆறு பெயரும் எல்லாப் படியிலும் அப்படியே வந்தால் மேலே சொன்ன சிக்கல்களில் பெரும்பாலானவை இல்லை என்று கொள்ளலாம்.

நிர்வாகத்தினர் கேட்டு வாங்க வேண்டியவையும் உண்டு: நிரலின் மூலக் குறிமுறை, தரவுத்தளக் கடவுச்சொல், எந்தக் குறியீட்டில் தரவு இருக்கிறது என்று எழுதிய ஒரு பக்கக் குறிப்பு. எழுதியவர் வேலை நிமித்தம் ஜோகூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டாலும் அடுத்து வருபவர் அந்தக் குறிப்பை வைத்துப் பட்டியலைத் திறந்துவிட முடியும். மாதம் ஒருமுறை யூடிஎஃப்-8 உரைக் கோப்பாக ஒரு பிரதி எடுத்து நிரலுக்கு வெளியே வைத்திருந்தால், நிரலே போனாலும் பெயர்கள் தப்பிவிடும்.